வெள்ளிக்கிழமை நூல்

கொஸ்லந்த, மேல்மலைத் தோட்டம்
ஏவிளம்பி வருடம் கார்த்திகை மாதம், புதன்கிழமை

என் மகன் தம்பையாவுக்குப் பெற்றவள் பாக்கியலெட்சுமி தன் கையால் எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இதை எழுதும் இந்த நேரம் வரை நானும் உன் மகள் சரோஜினியும் சுகம். பினாங்கில் நீயும் மருமகள் லீலாதேவியும் சின்னவன்களும் சுகமாயிருக்க வேண்டும். முதலில் பிள்ளைகளின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வருமோ தெரியாது. வெலிமடையில் உன் தங்கச்சி ஜெயமலரின் மகன் ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்து பேனா பரிசு வாங்கியிருக்கிறான். அவன் அக்காள் தேவாரம் பாடி மெடல் வாங்கினாள். நம் சரோஜினி பதுளைக் கல்லூரியில் யூனிவர்சிட்டி சோதனைக்கான கணக்கு வகுப்பில் இருக்கிற ஒரே பெண்பிள்ளை, அட்சரகணிதத்தில் ஆண்பிள்ளைகளை எல்லாம் தாண்டிவிட்டாள். இப்போது கல்குலஸ் என்று ஒன்று படிக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது என்ன விளங்கும் என்று கேட்டேன். விளங்கும் அப்பாயி என்று சொல்லி விளங்கவும் வைத்தாள். அட்சரகணிதம் என்றால் தெரியாத ஒன்றுக்குப் பேர் வைத்துத் தேடிப் பிடிப்பதாம். கல்குலஸ் அப்படி இல்லையாம். ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்குகிற பஸ் எவ்வளவு தூரம் வந்தது என்பது ஒரு கணக்கு, இந்த வளைவில் இந்த நொடியில் என்ன வேகம் என்பது அடுத்த கணக்கு, டிரைவர் பிரேக் பிடிக்கிறானா விடுகிறானா என்பது அதற்கும் அடுத்த கணக்கு. கேட்ட அன்று எனக்குச் சிரிப்பாக இருந்தது, இப்போது இல்லை.

தம்பையா, நம் வீட்டை ஒட்டிய மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் தேயிலை மலையில் ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. ஆவணி லீவில் வந்தபோது சரோஜினிதான் கண்டாள். வெடிப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டை, இந்தப் பக்கம் ஒரு கட்டை அடித்து, அப்பாயி நீங்கள் வாரம் ஒரு தடவை இந்த இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்து அறுத்து வையுங்கள் என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். நானும் வெள்ளிக்கிழமை தோறும் தலைமுழுகிவிட்டு மேலே ஏறி நூல் பிடித்து வந்தேன். அவள் தீபாவளிக்கு வந்து அந்த நூல்களை நம் வீட்டுச் சுவரில் சோற்றுப்பசையால் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நிறுத்தி ஒட்டி, தலைகளைத் தொட்டுக் கரியால் ஒரு கோடு இழுத்தாள். கோடு முதலில் படுத்தே கிடந்தது, போகப் போகப் பாம்பு தலையைத் தூக்குகிற மாதிரி எழும்பியது. வெடிப்பு வளருவது மட்டும் இல்லை அப்பாயி, வளருகிற வேகமும் வளருகிறது என்றாள். தோட்டத்து ஆபீசில் போய்ச் சொன்னோம். தோட்டத்தை நடத்துகிற தொரையும் வந்து பார்த்து, இன்னும் வளர்ந்தால் மேல் லயத்துச் சனங்களைப் கீழே இருக்கிற பழைய தேயிலை ஸ்டோருக்கு இறக்கிவிடலாம் என்று சொன்னார்.

தீபாவளிக்குப் பிறகு நூல் வளரவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் நானே நூலைச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன், அதே அளவு. அம்மன் காப்பாற்றினாள் என்று கற்பூரம் ஏற்றிவிட்டு நானே பெரிய கிளாக்கர் சரவணமுத்துவிடம் போய் நின்றுவிட்டது என்று சொன்னேன். தொரை அதோடு பேச்சை விட்டுவிட்டார்.

போன கிழமை சரோஜினி லீவில் வந்து சுவரில் நூல்களைப் பார்த்துச் சந்தோசப்பட்டவள், மலைக்குப் போய்விட்டு முகம் வெளுத்து வந்தாள். நான் கண் மங்கியவள், கட்டையைப் பார்த்தேனே தவிர நடுவில் மூடிக் கிடந்த புல்லை விலக்கிப் பார்க்கவில்லை. உள்ளே கொழுந்துக் கூடை விழுந்தால் எடுக்க முடியாத அகலமாம். கட்டைகள் மட்டும் பழைய தூரத்திலேயே நிற்கின்றன, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டி. வெள்ளிதோறும் நான் ஈரத்தலையோடு நூல் கொண்டு போவதைப் பார்த்து லயத்துச் சனம் அவற்றைச் சாமி என்று நினைத்திருக்கிறது. கோயில் பூசை பார்க்கிற கந்தப்பனைக் கூப்பிட்டுக் கேட்டோம். ஆமாங்க தங்கச்சி, சாமி ரெண்டும் சண்ட போட்ட புருசன் பொஞ்சாதி கணக்கா வெலகி வெலகிப் போவுதுங்க, அதான் வெசாழக்கெழமையானா நான் புடுங்கிக் கிட்டச் சேத்து நட்டு வைக்கிறேன், தீபாவளி அன்னிக்கி இருந்த அளவுக்குக் குச்சி ஒடிச்சு வச்சிருக்கேங்க, அம்மா நூல் பாக்குறப்ப மனசு சங்கடப்படக் கூடாதில்ல என்றான். 

சரோஜினி வேறு கட்டை அடித்துப் பார்த்தாள். முன்பு ஒரு மாதத்தில் விட்டதை இப்போது ஒரு ராத்திரியில் விடுகிறதாம். பிரேக்கை விட்டாயிற்று அப்பாயி என்று மட்டும் சொன்னாள். மறுபடியும் ஆபீசுக்குப் போனோம். தொரை கொழும்புக்குப் போயிருக்கிறார். கிளாக்கர் சிரித்துக்கொண்டு, நிண்டு போச்செண்டு உங்கட அப்பாயிதானே பிள்ளை வந்து சொன்னவ, உம்மட கணக்கு சோதினைக்குச் சரி, மலை சோதினை எழுதேல்லை, தொரை வரட்டும் பாப்பம் என்றார். லயத்துச் சனமும் அசையமாட்டேன் என்கிறது. சொல்லாமல் இறங்கினால் செக்ரோலில் பேரை வெட்டி வேலையை நிறுத்திவிடுவார்கள், பிரஜாவுரிமையும் இல்லாமல் எங்கே போய் நிற்பது என்று பயம். மேல் லயத்து மாரியாயி என்னிடமே, சாமி நிக்கிற எடத்த விட்டுட்டு நாங்க எங்கம்மா போறது என்று கேட்டாள். அந்தச் சாமி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நான் எந்த வாயால் சொல்வேன்.

அதனால் ஒரு வேலை செய்தேன். சாமி என் கனவில் வந்து, தன்னைக் கீழே ஸ்டோருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கச் சொன்னதாக இன்று காலை வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் கேட்கச் சொன்னேன். சாமி இறங்கினால் சனமும் பின்னால் இறங்கும். சரோஜினிக்கு அது பிடிக்கவில்லை, பொய் என்றாள். கணக்கைச் சொன்னால் கேட்கிறார்களா என்று கேட்டேன். சனம் ஒப்புக்கொண்டது. ஆனால் கந்தப்பன், சாமி தூக்குறதுன்னா வெள்ளிக்கெழமதாங்க, நடுவுல தூக்குனா ஆகாது என்றுவிட்டான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இன்று புதன். பிள்ளை புதுக் கட்டைகளில் பிடித்த நூலைச் சுவரில் ஒட்டிப் பார்த்துவிட்டு, இது வெள்ளி வரைக்கும் காத்திருக்காது அப்பாயி என்று மெதுவாகச் சொன்னாள். மழை விடவில்லை. நேற்று வரை மலைத்தண்ணீர் இறங்குகிற கானில் செம்மண் தண்ணீர் பாய்ந்தது. இன்று இவ்வளவு மழையிலும் கான் காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. நம் வீட்டுக் கதவும் சாத்த வரமாட்டேன் என்கிறது.

ஜெயமலர் தன் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறாள் என்று சொல்லி, நாளை முதல் பஸ்ஸில் சரோஜினியை வெலிமடைக்கு அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை அவள்தான் பெரகலையில் தபாலில் போடுவாள், படித்தால் போகமாட்டாள் என்று ஒட்டித்தான் கொடுப்பேன். என்னையும் வா என்று நீ எழுதுவாய். நான் முன்னால் நடக்காவிட்டால் சாமியை யாரும் தூக்கமாட்டார்கள், வெள்ளி வரை நான் இங்கே இருந்துதான் ஆக வேண்டும். எது எப்படிப் போனாலும் அவள் படிப்பை நிறுத்திவிடாதே, கல்யாணப் பேச்சு எடுக்காதே, அவள் கணக்குப் பொய்த்தது என்று யார் சொன்னாலும் நம்பாதே. லீலாதேவி மழை நாளில் தலைக்குக் குளிக்க வேண்டாம். நீங்கள் எல்லோரும் குறைவில்லாமல் நீடூழி வாழ அம்மன் துணை.

புதுப் போட்டோ ஒன்று எடுத்து அனுப்பு. பழையதில் சின்னவன் மடிக்குழந்தை, இப்போது நடப்பான். அதைச் சுவரிலிருந்து கழற்றிச் சரோஜினியின் பெட்டிக்குள் வைத்துவிட்டேன், சுவரில் ஆணி நிற்கவில்லை. புதுப் போட்டோவை இந்தத் தோட்டத்து விலாசத்துக்குப் போடாதே அப்பா. வெலிமடைக்கே போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
க. பாக்கியலெட்சுமி