ஆளில்லாத திரையில் ஒரு கேள்வி

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று எங்கள் வாடிக்கையாளர் யோகம் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் அவருக்கு வதிவிட அட்டையைப் புதுப்பிக்கப் பொபினி பிரிபெக்சர் என்ற அரச அலுவலகத்தில் ரண்டேவூ, முன்பதிவு செய்த சந்திப்பு. அதற்கான கடிதத்தை எங்கள் சேர்வர் நேற்றே தானாகத் தயாரித்து அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. வெறுங்கையோடு போனவரைத் திருப்பிவிட்டார்கள். நேரே லா சப்பலில் இருக்கும், ஆட்களுக்குக் கடிதம் தயாரித்துக் கொடுக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"வரும் எண்டு நீர் சொன்னதாலதானே பிள்ளை நம்பி இருந்தனான்."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சேர்வர் இருக்கும் லா கூர்னெவுக்குப் போய்த் திரையைப் பொருத்திப் பார்த்தேன். கடிதம் தயாரிக்கும் மென்பொருள், 'பழைய கோப்பை மீட்கவா?' என்று கேட்டபடி நின்றது. பதில் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? 'வேண்டாம்' என்பதை ஒரு தடவை அழுத்தினேன். தேங்கிக் கிடந்த கடிதங்கள் எல்லாம் உரியவர்களுக்கு அனுப்பப்பட்டன.

அது மனிதர் முன்னால் இருந்து பாவிக்கும் மென்பொருள், ஆளில்லாமல் ஓடவிடக்கூடாது என்று முதலாளி குகன் அண்ணையிடம் போன வருடமே சொன்னேன். "இப்ப ஓடுதுதானே, விடும்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

மாலையில் அக்காவுக்குப் போன் எடுத்தேன். புது ரண்டேவூ இரண்டு மாதம் கழித்துத்தானாம். வதிவிட அட்டை அதற்குள் முடிந்துவிடும். வேலையில் வைத்திருப்பார்களோ தெரியாது.

"மெசின் பிழை விட்டிட்டுதோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. இப்பிடி நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். பேசாமல் இருந்திட்டன்."

 "அப்ப அடுத்தமுறை நீரும் என்னோட வாரும்" என்றார்.

ஓம் என்றேன். குகன் அண்ணையிடம் லீவு கேட்கப்போவதில்லை. போகிறேன் என்று சொல்லப்போகிறேன்.