நடு ரோட்டில் நின்றவள்

அன்பு மகள் செலினுக்கு,

அம்மாவின் ஆசீரும் முத்தமும். ஆண்டவர் இரக்கத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அனுஷ்காக் குட்டியும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே திடீரென்று மழை பெய்து திராட்சைக் கொத்துகள் வெடித்துப்போயின, அப்பா தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்தே பிரஷர் மாத்திரையை மறந்துவிடுகிறார், நீ போனில் ஒரு சத்தம் போடு, நான் சொன்னால் கேட்பதில்லை. குழந்தைக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு.

வேளாங்கண்ணிக்கு நடந்து போனபோது மயங்கி விழுந்தேன், ஆண்டவர் காப்பாற்றினார் என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய்யில்லை. ஆனால் முழுதாகச் சொல்லவில்லை. போனில் தொடங்கினால் விடும்மா என்பாய், அதனால்தான் எழுதுகிறேன். நம் பக்கத்து வீட்டு ஜக்கம்மாவும் எங்களோடு வந்தாள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிறாளே, அவள்தான். அவள் மகள் சுபாஸ்ரீக்குக் கரு தங்காமல் கலைந்துகொண்டே இருந்தது, இந்தத் தடவை தங்கினால் உன் கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று மாதாவிடம் வேண்டியிருந்தாள். தங்கிவிட்டது. காவிச் சேலை வாங்கிக் கட்டிக்கொண்டு நெற்றியில் விபூதியோடு வந்தாள். நம் கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள், நான்தான் என்னோடு வரட்டும் என்று கூட்டிப் போனேன், அந்தப் பெருமை வேறு எனக்கு.

மணப்பாறைக்கு முன்னால் நாலுவழிச் சாலை, ஒரு மரம் கிடையாது, தார் கொதிக்கிறது. சப்பரமும் பாட்டும் முன்னால் போய்விட்டன. நான் வாந்தி எடுத்து ரோட்டோரம் சாய்ந்துவிட்டேன். நினைவு வந்து வந்து போனது. முகத்தில் நிழல் விழுந்தது மட்டும் தெரியும். அது ஜக்கம்மா தன் முந்தானையை விரித்துப் பிடித்த நிழல் என்பதும் மற்றதும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. வண்டிகள் நிற்காமல் பறந்தன. அவள் என்னைத் துண்டில் தலைவைத்துப் படுக்கப் போட்டுவிட்டு நடு ரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். ஒரு லாரி அவளுக்கு முன்னால் கிரீச்சிட்டு நின்றது. அந்த டிரைவர் திட்டிக்கொண்டே இறங்கி, என்னைப் பார்த்ததும் தூக்கி ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனார். அங்கே குளுக்கோஸ் ஏறும்போது என் துணியை அலசிப் போட்டதும், டீக்கடையில் கெஞ்சிக் கஞ்சி வைத்து வாங்கி வந்து ஊட்டியதும் அவள்தான். உடம்பு தேறியதும் என்னைத் தனியே விட மனமில்லாமல் பஸ்ஸில் கூட்டிப் போனாள். அவள் நேர்த்தி அதோடு முறிந்தது. வேளாங்கண்ணியில் இறங்கியதும் மணலில் முழங்காலிட்டாள், கோயில் வரைக்கும் முழங்காலாலேயே போனாள். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எழுந்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லை.

ஊருக்கு வந்ததும் நம் தெரு அன்பிய ஜெபக் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். ஆண்டவர் மேகம்போல் நிழல் தந்தார், பாலைவனத்தில் வானிலிருந்து விழுந்த மன்னாபோல் கஞ்சி தந்தார், ஒரு லாரியை அனுப்பினார் என்று சொல்லச் சொல்ல எல்லார் கண்ணிலும் தண்ணீர். எனக்கே புல்லரித்தது. அவள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது செலின், சொன்னால் சாட்சி சின்னதாகிவிடும் என்று விழுங்கிவிட்டேன். கடைசியில் பார்த்தால் அவள் வாசற்படி ஓரத்தில் நிற்கிறாள், வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள், கையில் ஏலக்காய்க் கறை போகவில்லை. ஜெபம் முடிவதற்குள் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல், கோபமா என்று கேட்டேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள் நிமிராமல், “நீங்க சொன்னது நெசந்தானக்கா, சாமிதான் என்னைய அங்கன நிக்க வச்சுச்சு. ஆனா அந்த லாரி நிக்கிற வரைக்கும் நான் பயந்து செத்தேன். சுபா வயித்துப் பிள்ளையப் பாக்காமப் போயிருவேனோன்னு இருந்துச்சு. அதயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல” என்றாள். அழுதேன். அவள் மொச்சையைக் கொஞ்சம் என் மடியில் போட்டு, “உரிங்க” என்றாள்.

அடுத்த கூட்டத்தில் நானாக எழுந்து மறுபடி சொன்னேன். முந்தானை, கஞ்சி, லாரி, அவள் பயம், முழங்கால் எல்லாம் சொன்னேன். போன தடவைபோல யாரும் அழவில்லை. ஒருத்தி மட்டும், இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஜக்கம்மா அன்று வரவில்லை. நான் சொன்னதை யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், “அப்பிடியாக்கா” என்று சிரித்தாள், அவ்வளவுதான். பழையபடி அடுப்படி வரைக்கும் வந்து காப்பி கேட்பதில்லை, வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறாள். அப்பாவிடம் சொல்லி வருந்தினேன், “நாளாகும் ராயம்மா, நீயும் அவ வாசலுக்குப் போய்க்கிட்டே இரு” என்று சொன்னார். போய்க்கொண்டிருக்கிறேன். வருகிற வருஷம் முறிந்த நேர்த்தியை நடந்து முடிக்கப் போகிறாளாம். நானும் வருகிறேன் என்றேன், “நீங்க வேன்ல வாங்க, நான் நடக்கேன்” என்கிறாள். கேலியா கோபமா என்று தெரியவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

சுபாஸ்ரீக்கு எட்டு மாதம், குழந்தை நல்லபடியாக அசைகிறதாம், உன் ஜெபத்தில் சேர்த்துக்கொள். ஆண்டவர் உங்கள் மூவர் மேலும் தம் கையை வைத்துக் காக்கட்டும், மாதா உங்கள் வாசலில் துணையாக இருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேசுமுன் ஜக்கம்மாவுக்கு ஒரு போன் போடு. எங்கம்மாவை உயிரோடு வீட்டுக்குக் கூட்டி வந்தீர்களே என்று நீ உன் வாயால் சொல். நான் சொல்லச் சொன்னேன் என்று சொல்லாதே.

உன் அம்மா
ராயம்மாள்