நாலு வருஷமும் இருப்பியா

விடுதிக்கு முன்னால் இரும்புக் கட்டில்களை வெயிலில் போட்டுப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாசம் நான் உட்கார்ந்திருக்கும் அறைவரை வருகிறது. திங்கட்கிழமை முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். வருஷா வருஷம் இந்த வாசம் வந்ததும் எனக்குப் பயம் வந்துவிடும். மாணவியாக வந்து இறங்கியபோது வந்தது. இன்று பாடம் நடத்துகிறவளாக, பெண்கள் விடுதிக்குப் பொறுப்பாளராக இருக்கும்போதும் வருகிறது. நீயும் நானும் படித்த கல்லூரி அல்ல இது. ஆனால் அந்த வாசம் எங்கும் ஒன்றுதான்.

இந்த முறை முதல்வர் என்னைக் கூப்பிட்டு, "வரவேற்புக் கூட்டத்துல நீங்க பேசுங்க மேடம். படிப்பு, ஹாஸ்டல், இங்க எப்படி இருக்கணும்னு பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டியதச் சொல்லிருங்க" என்றார். வந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது, இன்டர்னல் மதிப்பெண்ணை அலட்சியம் செய்யக் கூடாது, முதல் செமஸ்டரில் விழும் அரியர் லேசில் விடாது. இதற்கு மேல் கை ஓடவில்லை. நீ போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் பேசுவதற்கு முன்னால் உன்னிடம் பேசிவிட வேண்டும் போலிருக்கிறது.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்ட அறையில் மூன்று கட்டில்கள் இருந்தன. நீ சேலத்திலிருந்து, 'அத்தா' என்று நீ கூப்பிடும் உன் அப்பாவோடு வந்திருந்தாய். நான் ராசிபுரத்துக்குப் பக்கத்திலிருந்து அப்பாவோடு, இரண்டு பஸ் மாறி. மூன்றாவது கட்டிலுக்கு வந்த தருமபுரிப் பெண் வந்த நாள்முதல் அழுதுகொண்டே இருந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் அவளுடைய மாமா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். மெத்தையில்லாத அந்தக் கட்டிலை நாம் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்தது யார் என்று நான் நினைத்தேன். நீயும் அதையேதான் நினைத்தாய் என்று பிறகு சொன்னாய்.

போவது நானாகத்தான் இருக்கும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவள். இங்கே கணக்கு ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தே ஆங்கிலத்தில் பேசுவார், பலகை நிறைந்ததும் அழிப்பார். "எனி டவுட்ஸ்?" என்று திரும்பும்போது நான் முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். பெயரைச் சொல்லி எழுப்பிவிடுவாரோ என்று பயம். வகுப்பு இருக்கும் நாளில் காலைச் சாப்பாடு இறங்காது. கொண்டுவந்து விட்டுப் போகும்போது அப்பா, "புடிக்கலீன்னா ஊட்டுக்கு வந்துரு சாமி. ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லியிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பிடிவாதமாக இருந்திருப்பேன். அந்த அன்பான வார்த்தை திறந்துவைத்த வாசல்போல இருந்தது. தீபாவளிக்குப் போனால் திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்து, நல்ல துணிகளைத் தனியாக எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

நீ அதைப் பார்த்தாய். ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்காரவைத்து, அன்று நடந்த கணக்கைத் தமிழில் சொன்னாய். "இது ஒண்ணும் பூதம் இல்லடீ. நம்ம ப்ளஸ் டூல போட்டதுதான், பேரை மாத்தியிருக்காங்க" என்றாய். அன்றிலிருந்து அந்த நிழல் நமக்கு இன்னொரு வகுப்பறை ஆயிற்று. கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. ஆனாலும் வகுப்பில் வாய் திறக்கிற தைரியம் வரவில்லை.

முதல் இன்டர்னல் தேர்வு வாரத்தில் நீ சரியாகத் தூங்கவில்லை. படிப்பு விடுமுறை அன்று, பத்து மணி வெயில் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. ஏதோ சொல்லிக்கொண்டே தலை வாரியவள் பாதிப் பேச்சில் நிறுத்தினாய். சீப்பு விழுந்தது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் நீ தரையில் கிடந்தாய். கை கால்கள் வெட்டி இழுத்தன. கண் என்னைப் பார்க்கவில்லை. யாரையாவது கூப்பிட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் செய்வதுபோல இரும்பைக் கையில் கொடுக்க வேண்டும் என்று பூட்டுச் சாவியைத் தேடினேன். அது கிடைப்பதற்குள் உன் உடம்பு தளர்ந்துவிட்டது. நீ செத்துவிட்டாய் என்றே நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து உன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறது.

கண் விழித்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல. நான் மட்டுந்தான்."

"சொல்லிராதடீ."

அப்புறம்தான் எல்லாம் சொன்னாய். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. தினமும் காலையில் சத்து மாத்திரை என்று என்னிடம் சொல்லி விழுங்கியது அதற்கான மருந்து. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை வகுப்பில் விழுந்தாய். மறுநாளிலிருந்து உன் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. "வார்டனுக்குத் தெரிஞ்சா பொறுப்பேத்துக்க மாட்டோம்னு அனுப்பிருவாங்க. வீட்டுக்குப் போயிட்டா அத்தா மறுபடி வெளிய விட மாட்டாரு. அவருக்கு என்னைவிடப் பயம் ஜாஸ்தி" என்றாய். மறுபடி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாய். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவை. தலையில் இடிக்கிற சாமானை நகர்த்து. வாயில் எதையும் வைக்காதே. இரும்பெல்லாம் வேண்டாம். "சும்மா கூட இரு. முழிக்கும்போது ஒரு முகம் தெரிஞ்சாப் போதும்."

அன்றோடு என் பயங்கள் சின்னதாகிவிட்டன. புதிதாக வந்தது பெரியதாக இருந்தது. நீ மாடிப்படி இறங்கினால் நான் ஒரு படி முன்னால் இறங்குவேன். வேதியியல் ஆய்வகத்தில் பர்னர் எரியும்போது என் குடுவையை விட்டுவிட்டு உன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பேசும்போது நீ ஒரு நொடி நிறுத்தினாலும் உன் கண் என்னைப் பார்க்கிறதா என்று பார்ப்பேன்.

பிறகு பட்டறை வகுப்பு வந்தது. அடுத்த வாரம் உலையில் இரும்பைக் காய்ச்சி அடிக்கப் பழக வேண்டும் என்று அறிவித்தார்கள். நெருப்புக்கு முன்னால் நீ நிற்கப்போகிறாய். "சொல்லிரலாம்" என்றேன். "சத்தியம் பண்ணிருக்க" என்றாய். நான் சத்தியம் எதுவும் பண்ணவில்லை, ஆனாலும் வாதாடவில்லை. அதற்கப்புறம் நாம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில், அந்த வெறுங்கட்டிலை நடுவில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தோம்.

பட்டறை வகுப்புக்கு முந்தின நாள் காலையில் நீயே என் தோளைத் தொட்டாய். "நான் சொல்லிடறேன். நீ பக்கத்துல நில்லு."

நம் வகுப்பாசிரியர் கடைசிவரை கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உன்னை உட்காரச் சொல்லிவிட்டு, "மாத்திரை தவறாமப் போடறியா சாமி?" என்று மட்டும் கேட்டார். உலை வேலை வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டார். விடுதி விஷயம் மட்டும் அவர் கையில் இல்லை. முதல்வரைத்தான் பார்க்க வேண்டும் என்றார். சேலத்திலிருந்து உன் அத்தாவுக்குச் சொல்லியனுப்பி வரவழைத்தார்கள்.

முதல்வர் அறை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அத்தா தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். முதல்வர் கடுமையானவர் அல்ல. அவருக்கும் பயம்தான் என்று இப்போது புரிகிறது. "படிக்கட்டும், வேண்டாங்கல. ஹாஸ்டல்ல வெச்சுக்க முடியாது. தினமும் வீட்டிலிருந்து வரட்டும்" என்றார்.

"சேலத்துலருந்து தெனமும் பஸ்ஸுல தனியா எப்படிங்க அனுப்புவேன்" என்றார் அத்தா. மெதுவாக உன் பக்கம் திரும்பி, "வாம்மா, போலாம்" என்றார்.

நான் ஏன் வாய் திறந்தேன் என்று இன்றுவரை தெரியாது. வகுப்பில் ஒரு வார்த்தை பேசாதவள். "நான் கூட இருக்கறேனுங்க சார்" என்றேன். குரல் நடுங்கியது. "என்ன செய்யோணும்னு எனக்குத் தெரியுமுங்க. இவ போற எடத்துக்கெல்லாம் நானும் போறேனுங்க."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நாலு வருஷமும் இருப்பியாம்மா?"

"இருப்பேனுங்க."

சொன்ன பிறகுதான் பெட்டிக்குள் எடுத்துவைத்த துணிகள் நினைவுக்கு வந்தன. இனி ஊருக்கு ஓட முடியாது. முதல்வர் சரி என்று அனுப்பிவைத்தார். வெளியே வந்ததும் அத்தா உன் தலையையும் என் தலையையும் ஒருமுறை தொட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அன்று நீ தங்குவதற்காக நான் சொன்ன வார்த்தைதான் என்னையும் அங்கே நிறுத்தியது. தீபாவளி முடிந்து திரும்பி வந்தேன். முதல் செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்தது, எழுதி முடித்தேன். கணக்கு வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று, பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக, புரியவில்லை என்று சொன்னேன். ஆசிரியர் திட்டவில்லை. தமிழிலேயே மறுபடி சொன்னார். அந்த நாலு வருஷத்தில் நீ இன்னும் சில தடவை விழுந்தாய். ஒவ்வொரு தடவையும் நான் இருந்தேன். நம் வகுப்பில் பாதிப் பேருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. உன் பெஞ்சு ஒருநாளும் காலியாக இருக்கவில்லை.

பிறகு நீ வேலைக்குப் போனாய், கல்யாணமாகி சேலத்திலேயே அஸ்தம்பட்டியில் குடியிருந்தாய். பல வருஷம் வலிப்பு வரவில்லை. "அது என்னை மறந்துருச்சுடீ" என்று போனில் சிரித்தாய். நானும் நம்பினேன். போன மழைக்காலத்தில், வீட்டில் எல்லாரும் வெளியே போயிருந்த ஒரு மத்தியானத்தில், அது உன்னைத் தேடிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டியிருக்கிறார். நீ திறக்கவில்லை.

நீ கண் விழிக்கப் பார்த்தாயா, அப்போது எதிரில் ஒரு முகமும் இல்லையா என்று நினைக்கிறபோதெல்லாம் எனக்கு உடம்பு பதறுகிறது. யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை என்று தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளைகளிடம் வருகைப்பதிவையும் அரியரையும் சொல்வேன். புரியவில்லை என்றால் எழுந்து சொல்லுங்கள், வந்த வாரத்திலேயே முடிவெடுத்துப் பெட்டி கட்டாதீர்கள் என்பேன். உடம்பிலோ மனசிலோ எதையாவது மறைத்து வைத்திருந்தால், அறையில் இருக்கும் ஒருத்தியிடமாவது சொல்லிவையுங்கள் என்பேன். சொல்லும்போது என் குரல் நடுங்கும். நடுங்கட்டும், நான் பயமில்லாதவள் என்று அவர்கள் நினைக்க வேண்டாம்.

நீ போன பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. காலையில் எல்லாரும் வகுப்புக்குப் போனதும் விடுதியில் ஒரு சுற்று வருகிறேன். உள்ளே தாழிட்ட கதவு எதுவாக இருந்தாலும் தட்டுகிறேன். "மேடம் சந்தேகப்படறாங்க" என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. பேசட்டும். உள்ளிருந்து "வாரேனுங்க" என்று ஒரு குரல் வரும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.