கருவாட்டு பீரோ

1974 மே 6
இன்றைக்கு நான் வாயைத் திறந்தேன், சபையே அடங்கிவிட்டது. தங்கச்சி தெய்வநாயகியின் மகள் வசந்தாவுக்கு நிச்சயதார்த்தம். சீர் வரிசைப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா தட்சணாமூர்த்தி, "கடல் காத்துக்கு மர பீரோ நிக்காதுங்க. மழை வந்தா கதவு இறுகிக்கும். இரும்புலயே வாங்கிடுங்க" என்றார். தெய்வநாயகியின் கை தானாகக் காதுக் கம்மலுக்குப் போனது. புருஷன் போன பிறகு அவளிடம் இருக்கிற தங்கம் அதுதான்.

எழுந்துவிட்டேன். "என் கையால நான் செய்யறேங்க. எந்த மழையிலயாவது கதவு இறுகினா அன்னைக்கு என்னைக் கேளுங்க."

ஐந்நூறு பேர் கேட்டார்கள். பந்தியில் அத்தனை இலை விழவில்லை என்கிறாள் என் மனைவி பாஞ்சாலை. நின்றவர்களை அவள் எண்ணவில்லை.

மே 9
கொல்லைப் பூவரசை வெட்டிப் பலகையாக அறுத்தாச்சு. பச்சை மரம். தச்சர் அப்பாதுரை, "நிழல்ல ஒரு வருஷம் கெடக்கணும், இல்லன்னா வெடிச்சிடும்" என்கிறார். வருஷமா? கல்யாணம் தையில். உப்பளத்து மேஸ்திரி எனக்கு வழி தெரியாதா? மீனை உப்பில் போட்டால் கருவாடு, கெடுவதே இல்லை. பலகைக்கும் அதே வைத்தியம். உப்புக் கொட்டகையில் ஒரு வரிசை பலகை, மேலே உப்பு, மறுபடி பலகை. பூலோகத்தில் வேறு எவனுக்கும் இது தோன்றியிருக்காது.

ஜூன் 16
உப்பைத் தள்ளிப் பார்த்தேன். ஒரு வெடிப்பு இல்லை! அப்பாதுரை தடவித் தடவிப் பார்த்தார். ஆரோவில் வெள்ளைக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி அசந்துபோய் நின்றார். வழி கேட்கத்தான் நின்றார். ஆனாலும் பலகையைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஆகஸ்ட் 4
பீரோ எழுந்து நிற்கிறது. பலகையை நெருக்கி ஒட்டி, சாணுக்கு ஓர் ஆணி. சந்தில் கோழி இறகு நுழையாது. ராஜாக்கள் வீட்டில்கூட இப்படி இருக்காது.

அக்டோபர் 20
மழை.

அக்டோபர் 23
கதவு திறக்கவில்லை. மழை வெளியதானே பெய்யுது, உள்ள நிக்கிற பீரோ ஏன் வேர்க்குது? பலகை நசநசவென்று ஈரம். ஆணித் தலையிலிருந்து துரு வழிகிறது. முதுகுப் பலகை ஊதி, நடுவில் புடைத்து, ஆணியையே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

தெய்வநாயகி வந்து பார்த்தாள். "பரவால்லண்ணா" — அவ்வளவுதான். திட்டியிருந்தா தேவல. மகள் கல்யாணத்துல அவ வெறுங்காதோட நிக்கணுமா, என் வாயால?

அக்டோபர் 24
காலையில் பாஞ்சாலை பீரோவிடம் போய் நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினாள். பைத்தியமா உனக்கு என்றேன்.

"கரிக்குது. மழைக்கு உப்பு ஜாடி கசியுதில்ல, அதேதான் இதுவும். கருவாடு கரிச்சா என்னாங்க பண்ணுவோம்? ஊற வச்சிக் கழுவுவோம். வானமே தண்ணி ஊத்துது. கழட்டி வெளிய போடுங்க."

"நானும் அதைத்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

"ஆமா, நெனச்சீங்க."

நவம்பர் 11
பலகையெல்லாம் வாசலில் நனைகிறது. தினமும் நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் நக்கிப் பார்க்கிறோம். இன்னும் கரிக்கிறது. எதிர்வீட்டு லூர்துமேரி, "ஏன் பாஞ்சால, வூட்ல சோறு ஆக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

டிசம்பர் 1
கரிக்கவில்லை! இனி அடுப்பங்கரைச் சுவரில் சாய்த்துக் காய வைக்க வேண்டும்.

1975 ஜனவரி 5
அளந்து பார்த்தேன். காய்ந்த பலகை நீளத்தில் அப்படியே இருக்கிறது, அகலத்தில்தான் இளைத்திருக்கிறது. அப்படியானால் ஊதுவதும் அகலத்தில்தான். விளங்கியதும் உடம்பே சிலிர்த்துவிட்டது. உப்பளத்தில் தண்ணீர் விடும் மடைப் பலகையை எவனாவது ஆணி அடித்து வைப்பானா? இரண்டு பக்கக் கட்டையிலும் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, கொஞ்சம் இடம் விட்டுச் செருகுவோம். ஊறினாலும் தூக்கலாம். இருபது வருஷமாக அதைத் தூக்கி இறக்குகிறவனுக்குச் சொந்த பீரோ என்றதும் ஏன் ஆணி ஞாபகம் வந்தது?

பலகையைச் சுற்றி வரும் சட்டத்துக்கு அப்பாதுரையிடம் நன்றாகக் காய்ந்த மரம் வாங்கிவிட்டேன். சட்டத்தில் காடி. காடிக்குள் பலகை. ஆணி கிடையாது, பசை கிடையாது. அது பாட்டுக்கு ஊதட்டும், இளைக்கட்டும்.

ஜனவரி 30
கல்யாணம் முடிந்தது. பீரோ மாட்டு வண்டியில் புதுச்சேரி போனது. கம்மல் தெய்வநாயகியின் காதிலேயே இருந்தது. தட்சணாமூர்த்தி கதவைத் திறந்தார், மூடினார். "மழை வரட்டும்" என்றார்.

நவம்பர் 16
விடாத மழை. வசந்தாவைப் பார்க்கும் சாக்கில் புதுச்சேரி போனோம். பஸ் ஜன்னலில் மழை குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

வசந்தா ஒரே விரலால் இழுத்தாள். கதவு வந்தது. பலகை காடிக்குள் ஊதியிருக்கிறது, சட்டம் அசையவில்லை. தட்சணாமூர்த்தி தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "என் சின்ன பொண்ணுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணுங்க. எப்டி பண்ணீங்க?" என்றார்.

தொண்டையைச் செருமினேன். கொழும்புக் கப்பலில் தச்சு கற்றுக்கொண்ட கதை தயாராக இருந்தது, பஸ்ஸில் கட்டியது. பாஞ்சாலை காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"அவளைக் கேளுங்க" என்றேன்.

அவள் நக்கிப் பார்த்ததிலிருந்து ஆரம்பித்தாள். வீடே சிரித்தது. மடைப் பலகை வந்த இடத்தில் மறக்காமல் என்னைச் சொன்னாள். அவள் முடிக்கிற வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை. அந்தக் கூடத்தில் ஐந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். எல்லோரும் பார்த்தார்கள்.