கைவெளிச்சம்

பாளையங்கோட்டை,
மார்கழி முதல் வாரம்.

அன்புள்ள கார்த்திகேசனுக்கு,

முத்துராணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டுவிட்டது, ஆற்றில் இன்னும் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. புனேயில் குளிர் அதிகம் என்று சித்ரலேகா சொன்னாள். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்காமல் எடுத்துப் போட்டுக்கொள்.

கையில் போன் இருக்கும்போது தபால் எதற்கு என்று நினைப்பாய். வாட்ஸாப்பில் எழுதினால் இரண்டாவது வரியிலேயே நீ பதில் தட்ட ஆரம்பித்துவிடுவாய். வீடியோவில் பேசலாமென்றால் உன் கைமொழி 'டீ', 'பொறு' என்ற இரண்டோடு நின்றுவிடுகிறது. ஒரு வருஷமாக அதே இரண்டுதான். இதை நீ குறுக்கே பேசாமல் முழுக்கப் படிக்க வேண்டும், அதனால்தான் தபால்.

போன வாரம் நீ இரண்டு செய்தி அனுப்பியிருந்தாய். ஒன்று, நம் ஞாயிற்றுக்கிழமைக் கதையாட்டத்தில் என் பாத்திரமான மந்திரக்காரி செம்பிக்கு நீ புதிதாக எழுதிய சிறுமந்திரம். காதைத் தொட்டால் ஒரு நாழிகைக்கு எல்லாச் சத்தமும் கேட்குமாம். செம்பிக்கும் என்னைப் போலக் காது கேட்காது. அப்படித்தான் நான் அவளை உருவாக்கினேன். இன்னொன்று, சென்னையில் ஒரு டாக்டரின் நம்பர். அதன் கீழே, "அம்மா கேக்காவ, தையில பொண்ணு பாக்க வாறதுக்கு முன்னால ஒரு தடவ காட்டிப் பாத்தா என்னன்னு" என்று ஒரு வரி.

இரண்டும் சேர்ந்து வந்தது தற்செயல் என்று நீ சொன்னால் நம்புகிறேன். ஆனால் நான் இரண்டையும் ஒரே மூச்சில் படித்தேன். கோபம் வந்தது. இரண்டு நாள் பதில் போடாதது அதனால்தான். நெட்வொர்க் இல்லை என்றது பொய்.

முதலில் ஆட்டத்தைப் பேசுவோம், அதுதான் எளிது. கதையை நடத்துகிறவன் நீ. பகடை உருட்டி அந்தக் கதைக்குள் உயிரை விடுகிறவர்கள் நாங்கள். சிறுமந்திரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், செலவு கிடையாது. ஆகவே அது காயத்தை ஆற்றக்கூடாது, சிறு சௌகரியம் மட்டும் தரலாம். இது உன் விதி. கொம்பையா தன் கோடரி வீரனுக்கு ரத்தம் நிறுத்தும் சிறுமந்திரம் கேட்டபோது இதைச் சொல்லித்தானே விரட்டினாய்? பாவம், அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். செம்பிக்கு மட்டும் எப்படிக் கொடுத்தாய்? பிரியத்தில்தான், தெரியும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதனால் உன் மந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, நானே ஒன்று செய்திருக்கிறேன். பெயர் கைவெளிச்சம்.

ஐப்பசி மழையில் ஒருநாள் சித்ரலேகா வீட்டு மாடியில் ஆடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்றே, ஞாபகம் இருக்கிறதா? நீ புனேக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு. இருட்டிலும் நீங்கள் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தீர்கள். மேசை அதிர்ந்ததில் யாரோ சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது. யார், எதற்கு என்று தெரியவில்லை. பகடையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சித்ரலேகாதான் தன் போன் வெளிச்சத்தைத் தன் கையிலேயே அடித்துக்கொண்டு, கொம்பையா கருப்பட்டிக் காப்பியைத் தன் வேட்டியில் கொட்டிக்கொண்டான் என்று கைமொழியில் சொன்னாள். எனக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

அதுதான் மந்திரம். இருட்டில் ஒரு வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களின் கைகள் மட்டும் தெரியும். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம், இரண்டு கையையும் விரித்தால் போதும். பேசி முடித்ததும் அணைந்துவிடும். முதலில் குகை முழுவதும் வெளிச்சம் என்றுதான் எழுதினேன். "அப்படின்னா நான் தூக்கிட்டு வாற தீப்பந்தத்துக்கு என்ன வேல தாயி" என்று கொம்பையா கேட்டான். நியாயம்தான். (அவன் மீசையைக் கத்தரித்துவிட்டான். உதடு படிக்க இப்போது சுகமாக இருக்கிறது.) மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் என்று குறைத்தேன்.

போன ஞாயிறு உனக்குப் பதில் சித்ரலேகா கதை நடத்த, விளக்கை அணைத்து, போன் வெளிச்சத்தைக் கையில் மட்டும் அடித்து ஆடிப் பார்த்தோம். கதையில் காவல்பூதம் பக்கத்தில் தூங்குகிறது, மூச்சு விட்டால் விழித்துக்கொள்ளும். கொம்பையா கையால் 'ஓடு' என்று சொல்வதற்குப் பதில் 'சாப்பிடு' என்று சொல்லித் தொலைத்தான். நாங்கள் பிழைத்தது பகடையின் புண்ணியம். ஏட்டி, கைமொழி தெரியாதவனுக்கு இந்த மந்திரம் எதுக்கு ஒதவும் என்று சித்ரலேகா கேட்டாள். ஒதவாது என்றேன். செலவில்லாத மந்திரத்துக்கு அந்த ஒரு செலவாவது இருக்கட்டும். அன்று முதல் கொம்பையா அவளிடம் பாடம் படிக்கிறான்.

இனி டாக்டர் விஷயம். ஆறு வயதில் காய்ச்சல் வந்த பிறகு அப்பா என்னைக் காட்டாத ஆஸ்பத்திரி இல்லை. போதும் என்று ஒருநாள் நான்தான் சொன்னேன். நாளைக்கே எனக்கு ஆசை வந்தால் நானே போவேன். கல்யாணத்துக்கு முன்பணமாகப் போக மாட்டேன். உன் அம்மா கேட்டதில் எனக்கு வருத்தமில்லை, பெற்ற மனம் கேட்கும். நீ அதை அப்படியே எனக்குக் கடத்திவிட்டதில்தான் வருத்தம். பதிலை நீயே சொல்லியிருப்பாய் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு உன்னைப் பிடிக்கும். நீ இல்லாத ஞாயிறு சப்பென்று இருக்கிறது. இதை எழுத வெட்கமில்லை.

தையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. அதற்குள் இந்தப் பெண் இப்படித்தான் இருப்பாள் என்று அவர்களிடம் சொல்லிவிடு. சொல்ல முடியாதென்றால் அவர்களை அலைக்கழிக்காதே. நீ மட்டும் ஆட்டத்துக்கு வா, உன் நாற்காலி அப்படியேதான் கிடக்கிறது. இத்துடன் சித்ரலேகா வரைந்த கைமொழிப் படங்கள் சில இருக்கின்றன, பார்த்துப் பழகு. நீங்கள் பெண் பார்க்க வரும் அன்றைக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா வாசலில் வந்து நிற்கும்போது, வாங்க, உட்காருங்க என்று நான் கையால் சொல்வேன். அதை அவர்களுக்கு நீதான் சொல்ல வேண்டும். பகல் நேரம்தான், கை நன்றாகத் தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நல்லா இரு.

இப்படிக்கு,
முத்துராணி