மலை உச்சியில எடுத்த போட்டோவைப் பத்தி

அன்புள்ள சின்னுவுக்கு,

இங்க நானும் அம்மாவும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம், நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருந்தா அதுவே எங்களுக்குப் போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்ல, படி ஏறும்போது மட்டும் முனகுறா, டாக்டர் சொன்ன பயிற்சியைப் பண்ணுன்னா நீங்க முதல்ல பண்ணிக் காட்டுங்கங்கிறா. அண்ணன் பொண்ணு நடக்க ஆரம்பிச்சுட்டா, கைக்கு எட்டுற உயரத்துல இருந்த சாமான் எல்லாம் இப்ப அலமாரி மேல ஏறி உக்காந்திருக்கு. மாடி வீட்டுக்காரர் குழாய் இன்னும் ஒழுகுது, நம்ம சமையலறைச் சுவர் ஒரு பக்கம் பாசி பிடிச்சுப் போச்சு, சொன்னா பாக்கலாம் பாக்கலாம்னு சிரிக்கிறார், அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. சரி, இதையெல்லாம் சொல்லவா பேனாவை எடுத்தேன். போன வாரம் நீ போன்ல அவ்வளவு சந்தோஷமாப் பேசினே, அப்பா மலை உச்சியில பிள்ளைங்களோட நிக்கிற போட்டோவைப் பெரிசாப் போட்டு ஆபீஸ் சுவர்ல மாட்டிட்டேன், எல்லாரும் உங்க அப்பாவா உங்க அப்பாவான்னு கேக்குறாங்கன்னு சொன்னே. நான் ம்ம் ம்ம்னு மட்டும் சொல்லிட்டு அம்மாகிட்ட போனைக் குடுத்துட்டேன். அப்பாவுக்கு வெக்கம்னு நீ சிரிச்சியாம். வெக்கம் இல்லம்மா. அந்தப் போட்டோவைத் தயவுபண்ணி சுவர்லேர்ந்து எடுத்துடு. ஏன்னு சொல்றேன், பொறுமையாப் படி.

அந்த மலை நடையே எங்க செருப்புக் கடை முதலாளியும் அவரோட சங்கத்து ஆளுங்களும் சேர்ந்து ஏற்பாடு பண்ணினதுன்னு உனக்குத் தெரியும். அப்பா அம்மா இல்லாத பிள்ளைங்க இல்லத்துக்காக மலை ஏறுறது, ஏறுற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சவங்ககிட்ட நன்கொடை சேர்க்கணும், நீ கூட எனக்காக உன் ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சேர்த்தே. அதோட கடை சார்பா பதினாறு பிள்ளைங்களுக்கும் புது ஷூன்னு முதலாளி சொன்னார். நீதான் ஆள் பாத்து எடுத்துக் குடுக்கணும், முப்பத்தொரு வருஷம் பாதம் பாத்த கைன்னு தோள்ல தட்டினார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா, இப்ப நினைச்சா கூசுது. பாதம் அளக்காம ஷூ எடுக்க முடியாது, ஒருநாள் அளவுப் பலகையோட போய்ட்டு வரேன்னேன். மேனேஜர், நாங்க மூக்குக்கண்ணாடின்னு சொல்வோமே அவன்தான், வயசு எழுதி அனுப்பியிருக்காங்க, குத்துமதிப்பா எடுங்க, இதுக்குப் போய்ன்னான். இதுக்குப் போய்ன்னு அவன் சொன்ன விதத்துலயே எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். உறைக்கல. ஒவ்வொரு டப்பாவுலயும் ஒரு ஜோடி சாக்ஸ் அதிகமா வச்சு, கசங்காத தாள் சுத்தி, பொண்ணுங்களுக்கு லேஸ் நிறம் மாத்திக் கோத்து, நாலு நாள் உக்காந்து பண்ணினேன்.

அன்னைக்கு மலை அடிவாரத்துல நாங்க போய் இறங்கினப்போ வெயில் ஏறிடுச்சு. பிள்ளைங்க விடியும்போதே வந்து அதுங்க வந்த பஸ் பக்கத்துல வரிசையா உக்காந்திருக்காங்க. சங்கத்து ஆளுங்க எல்லாம் டிபன் முடிச்சுட்டு, புதுத் தொப்பி, புதுக் கைத்தடியோட வந்து அதுங்களைப் பாத்து கை ஆட்டினாங்க. ஷூ மாட்டிவிட்டோம், வரிசையா நிக்க வச்சு போட்டோ எடுத்தாங்க. பிள்ளைங்க அதோட கீழ இருந்துடணும், நாங்க மட்டும் ஏறணும், அதுதான் ஏற்பாடு. கேமராக்காரன்தான் உச்சியில குழந்தைங்க இருந்தா படம் வேற மாதிரி இருக்கும்னு கிளப்பிவிட்டான். உடனே முதலாளியம்மா எட்டுப் பேர் போதும்னு சொல்லி வரிசையில நடந்துபோய்ப் பொறுக்க ஆரம்பிச்சாங்க. பொறுக்கினாங்கன்னுதான் சொல்லணும், கடையில சரக்குப் பொறுக்குற மாதிரி. இது சிரிச்சா நல்லா இருக்கு, இது வா. இதுக்குக் கண்ணு ஒரு மாதிரி இருக்கே, நீ பஸ்ல இரு. இது ரொம்பக் குண்டு, பாவம்னு யாரும் நம்ப மாட்டாங்க. சின்னு, அந்தப் பிள்ளைங்க காது கேக்கத்தான் சொன்னாங்க. சுத்தி நின்ன பெரிய மனுஷங்க சிரிச்சாங்க. நான் சிரிக்கல, ஆனா ஒண்ணும் சொல்லவும் இல்ல.

அந்த எட்டுல ஒண்ணு ஒன்பது பத்து வயசுப் பொண்ணு, மத்த பிள்ளைங்க அதைக் குருவின்னு கூப்பிடுதுங்க, வாய் ஓயாது. முதல் ஒரு மணி நேரம் என் பக்கத்துலயே வந்துச்சு, இந்தக் கல்லு ஏன் வழவழன்னு இருக்கு, மேகத்துக்குள்ள போனா நனைவோமா, உங்க வீட்டுல எத்தனை ஜன்னல்னு கேள்வி மேல கேள்வி. அப்புறம் பேச்சு நின்னு போச்சு. முப்பத்தொரு வருஷம் ஆளுங்க நடக்குறதைப் பாத்தவன் நான், இடது காலைத் தரையில முழுசா வைக்கலன்னு தெரிஞ்சுது. வலிக்குதான்னு கேட்டேன், இல்லவே இல்லன்னு சொல்லிச்சு. பாறையில உக்கார வச்சுக் கழட்டினேன். ஷூ ஒரு அளவு சின்னது. குதிகால்ல தோல் உரிஞ்சு, சாக்ஸ் ரத்தத்துல ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. ஏம்மா சொல்லலன்னு கேட்டா, சொன்னா கீழ அனுப்பிட்டு வேற பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடுவாங்கல்லன்னுச்சு. இல்லத்தைப் பாத்துக்கிற அக்கா ஓடிவந்து பாத்துட்டு வாயைப் பொத்திக்கிட்டாங்க. இவளைக் கீழ தூக்கிட்டுப் போறேன்னு நான் எழுந்தேன். அதுக்குள்ள முதலாளி வந்துட்டார். குனிஞ்சு கூடப் பாக்கல. மாட்டிவிடுப்பா, இன்னும் கொஞ்ச தூரம்தான், போட்டோவுல கால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும், முடிஞ்சதும் கழட்டிக்கலாம்னார்.

இந்த இடத்தை எழுதத்தான் ரெண்டு நாளாத் தாளை எடுத்து எடுத்து வச்சேன். நான் மாட்டிவிட்டேன். இந்தக் கையாலதான். அது பல்லைக் கடிச்சுக்கிட்டு என் தோளைப் பிடிச்சுது, நான் லேஸை இழுத்துக் கட்டினேன். உச்சியில பேனரைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு தடவை நிக்க வச்சான் அந்தக் கேமராக்காரன், ஒருதரம் ஷூ தெரியல, ஒருதரம் முதலாளி கண்ணை மூடிட்டார். அப்பா ஒரு பொண்ணு தோளை அன்பா அணைச்சுக்கிட்டு நிக்கிறார்னு உன் ஆபீஸ்ல சொன்னாங்களாமே. அன்பு இல்ல சின்னு, அதால நிக்க முடியல, என் மேல சாஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன் பாரு. அந்தச் சிரிப்பைத்தான் நீ சுவர்ல மாட்டி வச்சிருக்கே.

இறங்கும்போது முதுகுல தூக்கிட்டு வந்தேன், அதுல ஒண்ணும் பெருமை இல்ல. கீழ வந்தா மூக்குக்கண்ணாடி காலி டப்பா பதினாறையும் தரையில அடுக்கி வச்சுக்கிட்டு நிக்கிறான். எல்லாரும் ஷூவைக் கழட்டி அவங்கவங்க டப்பாவுல போடுங்கன்னான். தொடைச்சுத் திருப்பிக் குடுக்கப் போறாங்க போலன்னு நினைச்சேன், உங்க அப்பா எவ்வளவு மக்குன்னு பாத்துக்கோ. பிள்ளைங்க ஒண்ணும் கேக்கல. வரிசையா உக்காந்து கழட்டி வச்சுட்டு, ஒரு சாக்குல இருந்த அதுங்க பழைய செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கிச்சுங்க. என்ன இதுன்னு நான் சத்தம் போடப் போனேன், அந்த அக்கா என் கையைப் பிடிச்சுத் தனியா இழுத்துட்டுப் போய், விட்டுடுங்கண்ணே, போன வருஷம் ஸ்வெட்டர், அதுக்கு முந்தின வருஷம் புத்தகப் பை, எங்களுக்குப் பழகிடுச்சு, இவங்க அனுப்புற அரிசியும் நின்னுட்டா நான் இதுங்களை எங்க கொண்டு போவேன்னு கண்ணு கலங்கச் சொன்னாங்க. நான் வாயை மூடிக்கிட்டேன். திரும்பி எங்க பஸ்ல வரும்போது சங்கத்து ஆளுங்க பாட்டுப் பாடிக்கிட்டு வந்தாங்க.

மறுநாள் கடையில அந்தப் பதினாறு டப்பாவும் என் முன்னாடி வந்துச்சு. அடியில இருக்கிற மண்ணை பிரஷ் போட்டுத் தேய்ச்சு, ஈரத் துணியால தொடைச்சு, ரேக்குல ஏத்துங்கன்னு உத்தரவு. புதுசுன்னு விக்க. ஒவ்வொண்ணாத் தேய்ச்சேன். பதினஞ்சு ஜோடி ரேக்குல ஏத்தினேன், குருவியோடதை மட்டும் முடியல, உள்ள குதிகால்ல கறை காஞ்சு போயிருந்துச்சு, கிடங்குல பின்னாடி தள்ளி வச்சேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட எல்லாம் சொன்னேன். அவ தட்டை வச்சுட்டு, கையைக் கழுவினீங்களான்னு கேட்டா. கழுவினேன்னேன். இன்னொரு தடவை கழுவிட்டு வாங்கன்னா. உங்க அம்மா என்னைத் திட்டியிருந்தா கூட அவ்வளவு உறைச்சிருக்காது.

நாலாம் நாள் ஒரு அம்மா அவங்க பொண்ணோட வந்தாங்க, பள்ளிக்கூடத்துக்கு ஷூ வேணும்னாங்க. அந்தப் பொண்ணு நேரா அந்த ரேக்குக்குப் போய் ஒண்ணைத் தொட்டுச்சு. அது போட்டதும்மா, வேற பாக்கலாம்னு நான் சொல்லிட்டேன். போட்டதான்னு அவங்க கேட்டாங்க. ஆமா, அம்மா அப்பா இல்லாத ஒரு பிள்ளைக்குக் குடுத்து, போட்டோ எடுத்துட்டு, பிடுங்கிட்டு வந்ததுன்னேன். மெதுவாச் சொல்லணும்னுதான் நினைச்சேன், குரல் தானா ஏறிடுச்சு, கடையே திரும்பிப் பாத்துச்சு. முதலாளி உள்ள கூப்பிட்டு, உனக்கு வயசாயிடுச்சு, மூளை கலங்கிடுச்சுன்னார். இருக்கலாம் ஐயா, நாலு நாள் முன்னாடியே கலங்கியிருக்கணும்னேன். அவ்வளவுதான், வேலை போச்சு. அம்மாவுக்குத் தெரியும், உனக்குத்தான் சொல்லாம இருந்தோம். உங்க அப்பா பெரிய வீரன்னு நினைச்சுக்காதே, பேச வேண்டிய இடம் மலை மேல இருந்துச்சு, நான் கீழ வந்து, ஆற அமரப் பேசினவன். அந்தக் கடை வாசல்ல இப்பவும் அந்தப் போட்டோ பெரிசாத் தொங்குது. அந்தப் பக்கம் போனா எச்சில் ஊறுது, துப்பினா என் மூஞ்சியில நானே துப்புற மாதிரி ஆயிடும்னு முழுங்கிட்டுப் போறேன்.

அதுக்கப்புறம் ஒரு நாள் அந்த இல்லத்துக்குப் போனேன். குருவி காலை மடியில வச்சு ஒழுங்கா அளந்தேன், காயம் காஞ்சு பொருக்கு தட்டியிருந்துச்சு. வேற கடையில அதுக்குச் சரியா ஒரு ஜோடி வாங்கிட்டு மறுபடி போனேன். கட்டை விரலுக்கு முன்னாடி கொஞ்சம் இடம் விட்டு, குதிகால் உரசாம மெத்துன்னு இருக்கிறதாப் பாத்து. மாட்டிவிட்டதும் அது எழுந்து போய்ச் சுவரோரமா நின்னுச்சு, தலையைக் கோதிக்கிச்சு, கையை ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு சிரிச்சுச்சு. சிரிப்பு அப்படியே நிக்குது. என்னம்மான்னேன். போட்டோன்னுச்சு. போட்டோ எல்லாம் இல்லன்னேன். அப்போ எதுக்குன்னு கேட்டுச்சு. நடந்து பாரு, எங்கயாவது உரசுதான்னு சொல்லுன்னேன். முற்றத்துல ரெண்டு சுத்து நடந்துட்டு வந்து, உக்காந்து, கழட்டி, தாளைச் சுத்தி டப்பாவுல வச்சு மூடி என் பக்கம் தள்ளிடுச்சு. உனக்குத்தான்னு எத்தனை தடவை சொன்னாலும் தலையை ஆட்டுதே தவிர டப்பாவைத் தொடல. அங்கயே வச்சுட்டு வந்துட்டேன்.

நேத்து மறுபடி போனேன். அந்த அக்கா வாசல்லயே பிடிச்சுக்கிட்டாங்க, பாருங்கண்ணே இந்தக் குருவி பண்ணின வேலையைன்னு. புது ஷூவைச் சேத்துல இறக்கி, நுனியைச் சுவர்ல தேய்ச்சுத் தேய்ச்சுக் கீறி, உள்ள மையால தன் பேரை எழுதி, ஓரத்தைக் கத்திரியால லேசா வெட்டி வேற வச்சிருக்கா. காலை விட்டுக் கழட்டவும் மாட்டேங்கிறா. திட்டு வாங்கிட்டுத் தூணுக்குப் பின்னாடி நின்னவளைக் கூப்பிட்டு ஏம்மா இப்படிப் பண்ணினேன்னு கேட்டேன். காலைத் தூக்கி என் முன்னாடி நீட்டி, கடைக்காரர்தானே நீங்க, நல்லாப் பாருங்க, இனிமே இதை யாராவது திரும்ப எடுத்துப்பாங்களான்னு கேட்டா. திருப்பித் திருப்பிப் பாத்தேன். எந்தக் கடையிலயும் எடுக்க மாட்டாங்கன்னு சொன்னேன். நிஜமான்னா. நிஜம்னேன். அதுக்கப்புறம்தான் ஓடினா.

என் வேலையைப் பத்தி நீ கவலைப்படாதே, ரெண்டு இடத்துல சொல்லி வச்சிருக்கேன், கையில தொழில் இருக்கு. அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ முந்திக்கிட்டுச் சொல்லிடாதே. உனக்காக நன்கொடை குடுத்தவங்ககிட்ட இதைச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம், ஆனா யாராவது கேட்டா பொய் மட்டும் சொல்லாதே. போன்ல உனக்கு இருமல் இருந்துச்சு, தானாப் போயிடும்னு விடாம டாக்டர்கிட்ட காட்டு, வெந்நீர் குடி. அம்மா அன்பைச் சொல்லச் சொன்னா, அடுத்த தடவை முதல்ல அவகிட்ட பேசணுமாம். நீ எந்தக் குறையும் இல்லாம, நிமிர்ந்து பேசுற தைரியத்தோட நூறு வருஷம் இருக்கணும்.

இப்படிக்கு
உன் அப்பா