கூரையில் ஒளித்த இலை

வியாழன், நவ. 6

ஷ்லீரன், சுவிஸ். மூடுபனி, 4 பாகை. சனிக்கிழமை தமிழ் மன்றக் கூத்துக்கு முன் என் பத்து நிமிடப் பேச்சு. குறிப்பு:

1. ஒல்லாந்தர் (டச்சு) கால யாழ்ப்பாணம். வெளியில் நடிப்பு: புரட்டஸ்தாந்து தேவாலயத்தில் பெயர்ப் பதிவு, கேட்ட கேள்விக்கு மனப்பாடப் பதில்.
2. வீட்டில் விரதம். சாப்பிட்ட வாழையிலையை ஒல்லாந்தர் கண்ணில் படாமல் சுருட்டிக் கூரைக்குள் ஒளித்தல்.
3. ஒளித்தவர்கள் சைவர்கள் மட்டும். கத்தோலிக்கர் ஏற்கெனவே கிறிஸ்தவர், அந்தக் கவலை இல்லை.
4. ஒளித்தது கோழைத்தனம் அல்ல, எதிர்ப்பு.

நான்காவதைச் சபையில் சொல்வேனா? சந்தேகம். தொண்டை மாத்திரை வாங்க.

வெள்ளி, நவ. 7

குறிப்பை மன்றத் தலைவர் குகனுக்கு அனுப்பியது என் மடத்தனம். காலை ஏழரைக்கே தொலைபேசி. கூத்து வாளெடுத்த ராசாவைப் பற்றியதாம். அதற்கு முன் இலை ஒளித்த கதை எதற்காம்.

"பிள்ளையள் என்ன நினைக்குங்கள், மாஸ்டர்? எங்கட ஆக்கள் பயந்து தலையாட்டினவை எண்டோ?"

இரண்டும் நான்கும் வேண்டாம் என்றார். ஓம் என்றுவிட்டேன்.

டாவோஸ் ஹோட்டலில் பதினொரு வருடம் கோப்பை கழுவியபோதும் எல்லாவற்றுக்கும் 'யா, யா'. திருநீறு காற்சட்டைப் பையில். பூசியது அறையைப் பூட்டிய பிறகு. யாரும் தடுக்கவில்லை, நானாகத்தான். அப்போ நானும் கோழையோ?

இல்லை. ஒரு வரியும் வெட்டேன்.

சனி, நவ. 8

மழை. மண்டபம் நிறைய. தாளை மேசையில் வைத்து வாசித்தேன். இரண்டாவது வந்ததும் குகன் முன்வரிசையிலிருந்து மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். அந்தப் பக்கம் பார்க்காமல் நான்கையும் முடித்தேன். குறிப்பில் இல்லாத திருநீற்றுக் கதையையும் சொன்னேன்.

பின்வரிசையில் ஒரு குரல்: "மாஸ்டருக்கு இண்டைக்கு என்ன பிடிச்சது?" சிரிப்பு. பிறகு கைதட்டல், எதிர்பார்த்ததைவிட அதிகம்.

இறங்கும்போது பிலோமினா மறித்தார். பாஷையூர்க் கத்தோலிக்கர், டாவோஸ் சமையலறையில் என்னோடு நின்றவர்.

"எங்களுக்கு மட்டும் ஒல்லாந்தன் பாய் விரிச்சவனோ, மாஸ்டர்? எங்கட கோயிலையும் பூட்டினவன். சாமியார் கூலியாள் வேசத்தில வந்துதான் பூசை வைச்சவர்."

ஊரில் சரித்திரம் படிப்பித்தவன் நான். இதை வாசித்தும் இருக்கிறேன். எனக்கு வசதியானதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

ஞாயிறு, நவ. 9

வெயில். குகன் மறுபடியும். கைதட்டல் விழுந்ததால் பேச்சை மன்றத்தின் விழா மலரில் போடலாமாம். மூன்றாவதைத் திருத்தித் தருகிறேன் என்றேன். சபையில் சொன்னதைத் திருத்தினால் மன்றத்துக்கு மரியாதை இல்லையாம். இந்தமுறை ஓம் சொல்லவில்லை. திருத்தம் இல்லையென்றால் பேச்சும் இல்லை என்றேன்.

மலருக்கு அனுப்பியது: மூன்றாவது குறிப்பு பிழை. கத்தோலிக்கரும் ஒளித்தார்கள்.